புகைக்கு விலை யார் கொடுப்பது?



எங்கப்பா திருச்சுழி - அருப்புக்கோட்டை ரோட்டில் வாடகை வேன் ஓட்டுகிறார். பழைய டீசல் வண்டி. என்ஜின் பாடம் படித்த தெம்பில், "நாசில் மாத்தணும்ப்பா, கரும்புகையா தள்ளுது" என்றேன்.

"மழையில்லாத வருசம், சவாரியே இல்ல. புகைக்கு எவன்டா காசு கேக்குறான்?" என்றார்.

கேட்கத்தான் ஆளில்லை. கொடுக்க ஆளிருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் பூ விற்கும் என் அத்தை நாளெல்லாம் இருமுகிறார். அந்த மருந்துச் செலவு எந்த வண்டிக்காரர் கணக்கிலும் ஏறாது.

1995இல் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிடிக் கன்வர்ட்டர் கட்டாயமானது. ஈயம் அதைக் கெடுத்துவிடும் என்பதால் ஈயமில்லா பெட்ரோலும் வந்தது. புகையின் விலையில் ஒரு பங்கு கார் வாங்குபவர் தலையில் ஏறியது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி நாடு முழுக்க வந்தது. அதுவும் புது வண்டிகளுக்குத்தான்.

பழைய வண்டிக்கு? லீவில் நானே இன்ஜெக்டரைக் கழற்றினேன். நாசில் வாங்கப் பாதிப் பணம் தந்தது அத்தை! "இருமுறவளே காசும் கொடுக்கணுமா?" என்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

அடுத்த மாதம் அத்தை கையில் அந்தப் பணத்தைத் திருப்பி வைத்தார். புகைக்கு விலை உண்டென்று அவர் ஒத்துக்கொண்டது அன்றுதான். நாமும் ஒத்துக்கொள்வோமா?