ஏழு கன்னியர் மலையும் நான்கு எழுத்துகளும்

அக்கரப்பத்தனைக்கு நாம் பன்முறை சென்றதுண்டு. எனினும், ஒரு சொல்லின் பொருள் தேடி அங்கிருந்து பிரயாணம் புறப்பட்டது இம்முறைதான்.

எம் மாணவன் ஒருவனின் இல்லம் அங்குள்ள தேயிலைத் தோட்டமொன்றில் இருக்கின்றது. தோட்டத்தார் ‘ஸ்டோர்’ என வழங்கும் தேயிலைத் தொழிற்சாலையில் அவன் தந்தையார் பணிபுரிகின்றார். அங்கு அடுக்கியிருந்த பொதிகளிலே ‘பி.ஓ.பி.’ என்ற எழுத்துகளைக் கண்டோம். ‘புரோக்கன் ஒரேஞ்ச் பீக்கோ’ என்பதன் சுருக்கமாம். “பெயரில்தான் ஒரேஞ்ச், ஐயா, தோடம்பழத்தின் வாசனைகூட இதில் கிடையாது” என்று அவர் நகைத்தார்.

அன்றிரவு மாணவன் ஓர் ஆங்கில நூலைக் கொணர்ந்தான். 1974ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆந் திகதி, ஏழு கன்னியர் மலையில் மோதிய மார்ட்டினேர் விமானத்தைப் பற்றிய பக்கம் அது. விபத்தின் வகை ‘சி.எஃப்.ஐ.டி.’ என்றிருந்தது, ‘கொன்ட்ரோல்ட் ஃபிளைட் இன்டு டெரெய்ன்’ என்பது விரிவு.

“கட்டுப்பாட்டில் இருந்ததென்றால், வேண்டுமென்றே மோதினார்களா, சேர்?” என்று கேட்டான்.

இறந்தவர்கள் மீது எத்தகைய பழி! அவ்வினாவை அப்படியே விட்டுவிட எமக்கு மனம் வரவில்லை. மறுநாள் தலவாக்கலை, அட்டன் வழியாக அவனுடன் நோட்டன் பிரிட்ஜ் சென்றோம். சப்த கன்னியராக நம்மவர் வணங்கும் எழுவரின் பெயர் தாங்கிய அச்சிகரங்கள் பாதி முகிலுக்குள் மறைந்திருந்தன.

சுராபாயாவிலிருந்து ஜித்தா நோக்கிச் சென்ற டி.சி.-8 விமானம் அது. 182 இந்தோனேசிய ஹஜ் யாத்திரீகரும் 9 பணியாளரும் அதில் இருந்தனர். எரிபொருள் நிரப்பக் கட்டுநாயக்காவில் இறங்கவேண்டும். விமானத்துறையின் பொதுநேரமாகிய ‘யூ.டி.சி.’ கணக்கில் 16.40, நம் கடிகாரத்தில் இரவு பத்து மணி பத்து நிமிடம். விமான நிலையத்திற்குச் சுமார் 40 கடல் மைல் தொலைவில், ஏறத்தாழ 4,355 அடி உயரத்தில், மலை குறுக்கே நின்றது. (கடல் மைல் 1,852 மீற்றர், வீதியின் மைலைவிட நீளம்.) 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

தாம் நிலையத்திற்கு எவ்வளவு தொலைவில் இருக்கின்றோம் என்பதை விமானிகள் பிழையாகக் கணித்துப் பாதுகாப்பான உயரத்திற்குக் கீழே இறங்கினர் என்பதே விசாரணையின் முடிவு. நிலத்திற்கு வானொலி அலைகளை அனுப்பி, அவை மீளும் மாற்றத்தைக் கொண்டு வேகம் அறியும் ‘டொப்ளர்’ கருவியையும், மழைமுகில் காட்டும் ராடரையும் நம்பியமை தவறான கணிப்புக்கு இடமளித்ததாம். ஆகவே, ‘கட்டுப்பாட்டில்’ என்றால் விமானம் பழுதின்றி விமானிகள் சொற்படி பறந்தது என்பது மட்டுமே பொருள். மலை இருப்பதை அவர்கள் அறியவில்லை.

இதற்கு மூன்று நாட்களுக்கு முன்னர், டிசம்பர் முதலாந் திகதி, அமெரிக்காவில் வாஷிங்டன் அருகே டிரான்ஸ் வேர்ல்ட் நிறுவனத்தின் 514ஆம் இலக்க விமானம் ஒரு மலையில் மோதி 92 பேர் மாண்டனர். அங்கே குழப்பம் சொல்லிலேயே இருந்தது. ‘அணுகுவதற்கு அனுமதி’ என்று தரையிலிருந்தவர் கூறியதை, 1,800 அடிவரை இறங்கலாம் என விமானிகள் கொண்டனர். மலைக்கு மேலான உயரத்தைக் காப்பது விமானியின் பொறுப்பென்று கூறியவர் எண்ணியிருந்தார். ஒரே தொடர், இரு பொருள். அம்மாதமே பெரிய பயணி விமானங்களில் ‘ஜி.பி.டபிள்யு.எஸ்.’ பொருத்தவேண்டுமென அமெரிக்கா விதித்தது. நிலம் நெருங்குவதை உணர்ந்து, ‘மேலே எழுப்பு’ என உரக்கக் கூவும் கருவி அது. அச்சுருக்கத்தை மாணவன் இருமுறை சொல்லிப் பார்த்தான்.

நோட்டன் பிரிட்ஜில் அவ்விமானத்தின் டயர் ஒன்று நினைவாக வைக்கப்பட்டிருக்கின்றது. அதனருகே நின்று, தன் கொப்பியில் அந்நான்கு எழுத்துகளின் கீழ் அவன் தமிழில் எழுதினான்: ‘தம் வசமிருந்த விமானம், தாமறியாது, நிலத்தில்.’ நாம் அதில் ஓர் எழுத்தையும் திருத்தவில்லை. அதற்குள் முகில் இறங்கி, அட்டன் பஸ்ஸும் வந்துவிட்டது.