பற்றரியும் பனியும்

மாங்கேணியிற் பிறந்து வளர்ந்தவனுக்குக் குளிர் என்பது மார்கழி மழையில் நனைந்து வீடு திரும்பும்போது எழும் நடுக்கம் மாத்திரமே. கடலும் களப்பும் அணைத்துக் கிடக்கும் எமது ஊரில் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. ஆதலால், குளிரில் இயந்திரத்தை இயக்கத்தக்க பற்றரியைத் தெரிவு செய்வது பற்றி மாங்கேணியான் ஒருவன், அதுவும் கலைப்பீடத்திற் பயில்பவன், எழுதப் புகுவது வாசகர்க்கு நகைப்பைத் தரலாம். 2024ஆம் ஆண்டு சனவரி வரை நானும் நகைத்திருப்பேன்.

அப்பாவிடம் பழைய டீசல் லொறியொன்று உண்டு. மாங்கேணியிலும் வாகரையிலும் கருவாடு ஏற்றிச் சென்று நுவரெலியாவில் இறக்குவதும், திரும்புகையில் கரட், லீக்ஸ், கோவா ஏற்றி வந்து வாழைச்சேனையிற் கொடுப்பதும் அவர் தொழில். செங்கலடியிலிருந்து பிபிலை, லுணுகலை, பதுளை, வெலிமடை எனச் சுற்றிச் சுற்றி மலையேறும் அந்த நெடுஞ்சாலை, நுவரெலியாவையும் கடந்து நான் கற்கும் பேராதனையில் வந்து முடிகின்றது. அவ்வாண்டு விடுமுறையில் ஒரு தடவை அவருடன் நானும் சென்றேன்.

நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. சனவரி, பெப்புருவரி விடியற்காலைகளில் அங்கே புல்லின்மீது உறைபனி படிவதுண்டு. மாலையிலேயே மரக்கறியை ஏற்றிவிட்டு லொறிக்குள்ளேயே உறங்கினோம். அதிகாலை நான்கு மணிக்கு அப்பா திறப்பைத் திருப்பினார். ‘டக்’ என்றொரு ஓசை, அவ்வளவுதான். மறுபடியும் திருப்பினார். விளக்குகள் மங்கின, எஞ்சின் அசையவில்லை.

“நேத்து ஊருல ஒரே தட்டுல எழும்பின எஞ்சின் மனே. இண்டைக்கு இதுக்கு என்ன வந்திட்டு?” என்றார்.

தள்ளி இயக்கவும் வழியில்லை. முன்னும் பின்னும் வேறு லொறிகள். ஒன்பது மணியளவில் சிங்களச் சாரதி ஒருவர் தமது பற்றரியிலிருந்து கம்பி தொடுத்து எமது லொறியை எழுப்பித் தந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். அப்பா கொடுத்த கருவாட்டுப் பொதியை மாத்திரம் மகிழ்ச்சியோடு பெற்றுக்கொண்டார். நாங்கள் வாழைச்சேனையை அடைந்தபோது சந்தை கலைந்திருந்தது. லீக்ஸ் பாதி விலைக்குத்தான் போயிற்று.

விடுதியில் என் அறைத்தோழன் பொறியியற்பீடத்தவன். வீட்டிலேயே உறுப்புகளைப் பொருத்திக் கட்டும் சிறு விமானங்களைப் பற்றிப் படிப்பதே அவனது ஓயாத பொழுதுபோக்கு. அவனிடம் இதனைக் கூறியபோது, “அப்பாவின் பற்றரியைக் கெடுத்தது நுவரெலியா அன்று, மாங்கேணி” என்றான். எனக்குச் சற்றுச் சினம் மூண்டது. பின்னர் அவன் விளக்கினான். ஈய அமிலப் பற்றரியின் உள்ளே நிகழ்வது இரசாயனத் தாக்கம். வெப்பம் பத்துப் பாகை உயர, ஈயத்தகட்டை அரிக்கும் தாக்கம் ஏறத்தாழ இரு மடங்காகின்றது. நீரும் விரைவில் வற்றுகின்றது. இவ்வாறு வெயிலில் நாள்தோறும் தேய்ந்த பற்றரி, ஊர்ச்சூட்டில் எஞ்சின் இலகுவாகச் சுழல்வதால் தன் நோயை மறைத்துக்கொள்கின்றது. மலைக்குளிரிலோ எண்ணெய் தடித்து எஞ்சின் கூடுதலான விசையைக் கேட்கின்றது. அதே வேளையில் பற்றரியோ குறைவாகவே கொடுக்கின்றது. உறைநிலையை அண்மிக்கும்போது நல்ல பற்றரிகூடத் தன் கொள்ளளவில் மூன்றிலொரு பங்கை இழக்கின்றதாம். டீசல் எஞ்சினுக்கு இன்னுமொரு தொல்லை: அழுத்திய காற்றின் சூட்டிலேயே எரிபொருள் பற்றவேண்டியிருப்பதால், மெதுவாகச் சுழன்றால் அது எழும்பவே எழும்பாது.

விமானத்தில் இச்சிக்கல் இன்னும் கூர்மையடைகின்றது. சிறு விமானங்கள் பலவற்றிற் பூட்டப்படும் ரொட்டாக்ஸ் 912 எஞ்சின் நிமிடத்துக்கு 220 சுற்றை எட்டும்வரை தீப்பொறியே தராது. அவ்வேகத்தைக் கொடுக்கப் பெரிய பற்றரி வைக்கலாமென்றால் நிறை தடுக்கின்றது. அடைக்கப்பட்ட ஈயப் பற்றரி ஏழு கிலோவளவில் இருக்கும். இலிதியம் இரும்புப் பொசுபேற்றுப் பற்றரி அதில் மூன்றிலொரு பங்களவு நிறையிலேயே அவ்வேலையைச் செய்யும். ஆயின் குளிரில் இலிதியம் சோம்பேறி. முதல் முயற்சியில் தளர்ந்து, மின்னோட்டத்தாற் சூடேறிய பின்னரே இரண்டாம் முறை உசாராகும். உறைநிலைக்குக் கீழே அதற்கு மின்னேற்றினால் அது நிலையாகவே கெட்டுவிடும். ஆகையாற் குளிர்நாட்டு விமானிகள் சிலர் மாலையிற் பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் வைப்பார்களாம்.

உலகின் முதல் விமானமும் வீட்டிற் கட்டியதுதானே! 1903 திசெம்பர் 17ஆம் நாள், ரைட் சகோதரர் கிற்றி ஹோக் மணல்வெளியில் அதனை இயக்கிய காலையிற் குட்டைநீர் உறைந்திருந்தது. உலர்கலங்களைக் கொண்டு எஞ்சினை எழுப்பினர். பின்னர் அக்கலங்களைத் தரையிலேயே விட்டுவிட்டுப் பறந்தனர். பறக்கையில் எஞ்சினுடன் சுழலும் மக்னீற்றோவே தீப்பொறி தந்தது. குளிருக்குப் பற்றரி, நிறைக்குப் பிரிவு என அந்தச் சைக்கிள் கடைக்காரர் கண்ட தீர்வை நான் இன்றும் வியக்கின்றேன்.

லொறிக்கு நிறை பொருட்டன்று. எனவே அதிக எண் பொறித்த பற்றரியை வாங்கினாற் போதுமென நினைத்தேன். பற்றரிமேல் சீ.சீ.ஏ. எனக் குறிக்கும் எண், மறை 18 பாகைக் குளிரில் முப்பது விநாடிக்கு, 7.2 வோல்ற்றுக்குக் குறையாமல் அது தரக்கூடிய அம்பியரைக் காட்டுவது. ஆனால் ஒரே அளவுப் பெட்டிக்குள் அவ்வெண்ணை உயர்த்த வேண்டுமாயின் தகடுகளை மெல்லியனவாக்கி எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். மெல்லிய தகடு எங்கள் ஊர் வெயிலில் விரைந்து அரிக்கப்படும். நுவரெலியாவுக்கு உகந்தது மாங்கேணிக்கு ஆகாது! நுவரெலியாக் குளிரோ மறை 18 பாகையை ஒருபோதும் அணுகுவதில்லை. ஆகவே, மிக உயர்ந்த எண்ணை விடுத்து, எஞ்சின் கேட்பதற்குச் சற்று மேற்பட்ட எண்ணும், தடித்த தகடும், அண்மையில் உற்பத்தியான திகதியும் உடையதைத் தேடுவதே முறை எனத் தோழன் ஒரு தாளில் எழுதித் தந்தான்.

அதனை வீட்டுக்கு எடுத்துச் சென்றபோது, பழைய பற்றரி ஏன் மீளமைத்த மலிவுப் பற்றரியாக இருந்தது என்று அம்மாவிடம் கேட்டேன். இந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டியதில்லை. 2022இன் நெருக்கடியில் விலைகள் ஏறிய பின்னர், புதியது வாங்குவதற்கெனச் சேர்த்து வைத்திருந்த பணத்திற் பெரும்பகுதி நான் பல்கலைக்கழகம் புறப்பட்ட வாரத்தில் என் கையில் வந்து சேர்ந்திருந்தது. அப்பா அதனை ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை, தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

கடையில் அப்பா தாளை விரித்துப் பிடித்தவாறு திகதியைத் தேடினார். முதலிற் காட்டியது ஒன்றரை ஆண்டு பழையது. விற்பனையாளர் அது புதியதேயென்று சாதித்தார். அப்பா மூன்றாவதைத் தெரிந்தெடுத்தார். மாதந்தோறும் மூடிகளைத் திறந்து வடிநீர் மட்டம் பார்க்கின்றார். விமானிகள் பற்றரியை வீட்டுக்குள் கொண்டுசெல்லும் கதையையும் நான் விளையாட்டாகச் சொல்லியிருந்தேன். இப்போது நுவரெலியாவில் தங்கும் இரவுகளில், தேவையில்லையென்று எவ்வளவு கூறியும் கேளாமல், பற்றரியைக் கழற்றிச் சாக்கினாற் சுற்றித் தம் கால்மாட்டில் வைத்துக்கொண்டுதான் படுக்கின்றார்.