நிழல் மூலைக்கு ஓர் ஆடாதோடை

கல்முனைக் கரையோர ஊர்களில் வளவுகள் நாளுக்கு நாள் சுருங்கி வருகின்றன. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் கடல் ஊருக்குள் புகுந்தபோது, வீடுகளோடு வேலிகளும் அழிந்தன. வீடுகளை மீண்டும் எழுப்பிய நாம், வேலி நின்ற இடத்திலே பெரும்பாலும் மதிலையே எழுப்பினோம். மதிலோரத்தில் வெயில் விழாத மூலையைக் கண்டு, "இங்கே எதுவும் வளராது" என்று குப்பை கொட்ட விட்டுவிடுகிறோம். அந்நிழலிலும் செழிக்கவல்ல செடியொன்று நம் நாட்டிலேயே உண்டு. அதுவே ஆடாதோடை.

ஆண்டு முழுவதும் பசுமை குன்றாத செடி இது. ஆள் உயரத்துக்கு மேலும் வளரும். வெண்ணிறப் பூவின் இதழில் ஊதாக் கோடுகள் ஓடும். இலையின் கைப்பினால் ஆடுகள் இதனை அணுகா; ஆடு தொடாதது என்பதே பெயரின் பொருள் என்பர். சுவீடன் நாட்டறிஞர் லின்னேயஸ் 1753இல் இதற்கு அறிவியற் பெயர் சூட்டியபோதும் 'அடத்தோடா' என்ற சொல்லையே எடுத்தாண்டார்.

வளர்ப்பதும் எளிது. முற்றிய கொம்பை ஒரு சாண் நீளம் வெட்டி, இரண்டு கணுக்கள் மண்ணுள் அமையுமாறு நடவேண்டும். மாரி தொடங்கும் ஒக்டோபர் மாதமே தக்க காலம். நமது மணல் நிலம் ஈரத்தைத் தாங்காது. ஆதலின் குழியில் மக்கிய சாணமும் இலைக்குப்பையும் இடுதல் நன்று. ஆயினும் நீர் தேங்கலாகாது. தேங்கினால் வேர் அழுகும். நிழல் மிகுந்தால் பூ குறையுமேயன்றிச் செடி வாடாது. ஆண்டுக்கொருமுறை நுனியைக் கத்தரித்தால் அடர்ந்து கிளைக்கும்.

இருமலுக்கும் சளிக்கும் இதன் இலைக் கஷாயம் நெடுங்கால வழக்கு. இவ்விலையிலுள்ள வாசிசின் என்னும் பொருளை அடியொற்றியே புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்து ஆக்கப்பட்டது. எனினும் கருப்பையைச் சுருங்கச் செய்யும் இயல்பு இதற்குண்டு. கருவுற்ற பெண்கள் இதனை உட்கொள்ளலாகாது. நாட்பட்ட இருமலுக்கு மருத்துவரையே நாடவேண்டும்.

வேலிகள் இருந்த காலத்தில், பக்கத்து வீட்டுப் பிள்ளை இருமினால் இலை கேட்டு ஒரு கை நீளும். அக்கை கோயிலுக்குப் போகும் வீட்டினதா, பள்ளிவாசலுக்குப் போகும் வீட்டினதா என்று எவரும் பார்ப்பதில்லை. மதில் அவ்வழக்கத்தை அரிதாக்கிவிட்டது. செடி வளர்ந்து கத்தரிக்கும் நாளில், கழித்த கொம்புகளை எறிந்துவிடாமல், நான்கினை அயல்வீட்டுக்குக் கொடுப்போம். அவர்கள் மதிலோரத்திலும் அதே நிழல் வீணே கிடக்கின்றது.