காலண்டர் தாளில் அவரை

ஜூலை 12, 2025, சனி

நேற்றிரவு டிவி முழுக்க எங்கள் ஊர்தான். மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. மிச்சம் ஒன்று செஞ்சி.

தெருவே அதைப் பேசிக்கொண்டிருக்க, நான் பரண் மேல் ஏறியிருந்தேன். அம்மா போனது 2019-இல். அதற்குப் பிறகு யாரும் தொடாத பித்தளைத் தூக்கு ஒன்று மூலையில் கிடந்தது. மூடியைத் திருகியதும் அடுப்புச் சாம்பல் வாசனை. சாம்பலுக்குள் பொட்டலம் பொட்டலமாக விதை, எல்லாம் தினசரி காலண்டர் தாளில் மடித்து நூல் சுற்றியவை. அம்மாவுக்கு எழுதத் தெரியாது, அதனால் பெயர் கிடையாது. ஆனால் தாளில் தேதி இருக்கிறது: அவரைக்கு 2018 பிப்ரவரி, சுரைக்கு 2017, வெண்டைக்கு 2016, மிளகாய்க்கும் அதே வருடம்.

38 வருடம் தபால் கொடுத்தவன் நான். தேதி என்றால் முத்திரை, நம்பலாம். இந்தத் தேதியை அப்படி நம்ப முடியாது. அம்மா கிழித்த தாளைச் சேர்த்து வைத்து மெதுவாகச் செலவு செய்கிறவள். விதை தாளைவிட இளையதாக இருக்கலாம்.

ஜூலை 13

பத்து அவரை விதையைச் சொம்புத் தண்ணீரில் போட்டேன். ராத்திரி முழுக்க ஊறட்டும். ஓய்வு பெற்றவனின் முதல் விவசாயம்.

ஜூலை 15

நாசம். நேற்றுக் காலையில் விதை உப்பிப் பளபளவென்று இருந்ததைப் பார்த்துப் பூரித்துப்போய், துணியில் கட்டி வைத்திருந்தேன். இன்று அவிழ்த்தால் தோல் உரிந்து, கொழகொழத்து, நாற்றம். மேலே வெள்ளைப் பூஞ்சை.

எதிர்வீட்டு அக்காவிடம் காட்டினேன். எழுபது தாண்டியவர், இன்னமும் கால் ஏக்கரில் மல்லாட்டை (நிலக்கடலை) போடுகிறார். ஒரு பார்வைதான் பார்த்தார்.

"இன்னா தம்பி, பட்டினி கெடந்த வயித்துக்கு ஒரே வேளைல பந்தி வெப்பியா? மொதல்ல கஞ்சித்தண்ணி குடுக்கணும்."

பிறகு படித்துப் பார்த்ததிலும் அக்கா சொன்னதற்கு மேல் அதிகம் இல்லை. வருடக்கணக்கில் காய்ந்த விதைக்குள் தண்ணீர் சடாரென்று பாய்ந்தால், உள்ளே செல்களைச் சுற்றியிருக்கும் சவ்வு கிழிகிறது. பழைய விதையில் அது ஏற்கெனவே நைந்துதான் இருக்கும். கிழிந்த இடம் வழியாகச் சர்க்கரையும் புரதமும் வெளியே கசிகின்றன. பூஞ்சைக்கு அதுதான் பந்தி. பயறு, அவரை வகைகளுக்கு இந்த ஆபத்து கூடுதல்.

ஜூலை 18, வெள்ளி

ஆட்டுச் சந்தை நாள். விடியலிலேயே ஊர் விழித்துவிட்டது. நானும்.

இந்த முறை அக்கா சொன்னபடி. பழைய வேட்டியைக் கிழித்து நனைத்து, சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பிழிந்து, தட்டில் விரித்து விதைகளை அடுக்கி, இன்னொரு ஈரத்துணியால் மூடினேன். விதை குடிக்கக் கூடாது, ஈரத்தை மூச்சில் வாங்குகிற மாதிரி வாங்க வேண்டும். அவரை 12, வெண்டை 10, மிளகாய் 10. சுரை ஐந்துதான் இருந்தது. அதன் ஓடு தடிமன் என்பதால் நகவெட்டியால் ஓரத்தை லேசாகக் கிள்ளிவிட்டேன், உள்ளே பருப்பில் படாமல். அம்மா பானையில் தோலோடு போட்டு வைத்திருந்த மல்லாட்டையையும் உடைத்துப் பத்துப் பருப்பு வைத்தேன்.

ஜூலை 20

தட்டை மணிக்கொரு தரம் திறந்து பார்க்கிறேன் என்று வீட்டில் துரத்திவிட்டார்கள். கோட்டைக்குப் போனேன். ராஜகிரி அடிவாரத்து நெற்களஞ்சியத்தில் நின்றால் வெளியே கொளுத்துகிற வெயில் மறந்துபோகிறது. அவ்வளவு தடித்த சுவர், மேலே வளைவுக் கூரை. 1690 முதல் 1698 வரை முற்றுகை. மராட்டிய மன்னர் ராஜாராம் உள்ளே, மொகலாயப் படைத்தலைவன் சுல்பிகர்கான் வெளியே. முற்றுகைக் காலத்தில் கோட்டையைக் காப்பாற்றியது பீரங்கி மட்டும் என்று நான் நம்பத் தயாரில்லை.

ஆனால் இங்கே கிடந்தது சோற்று நெல். சோற்றுக்கு ஆகும் நெல்லெல்லாம் விதைக்கு ஆகாது. முளைக்கிற உயிர் போன பிறகும் அரிசி அரிசியாகவே வேகும்.

இன்னொரு கோட்டை ஞாபகம் வந்தது. இஸ்ரேலில் சாக்கடலோரத்து மசாதா. 1960-களில் அங்கே தோண்டியபோது கிடைத்த பேரீச்சங்கொட்டைகள் நாற்பது வருடம் அலமாரியில் தூங்கின. 2005-இல் எலைன் சொலோவே என்ற பெண்மணி அவற்றில் மூன்றை எடுத்து, வெந்நீரில் ஊறவைத்து, பிறகு வளர்ச்சி ஊக்கியும் உரக்கரைசலும் கொடுத்து நட்டார். ஒன்று முளைத்தது. வயது ஏறக்குறைய 2,000 ஆண்டு. எகிப்திய மம்மியோடு புதைத்த கோதுமை முளைத்தது என்று ஒரு கதை சுற்றுகிறதே, அது வெறும் கதை. இது நிஜம். வறண்ட சாக்கடல் காற்று செய்த வேலை.

விதை ஆய்வாளர் ஹாரிங்டன் ஒரு கணக்கு சொல்லியிருக்கிறார். விதையின் ஈரப்பதம் 1 சதவீதம் இறங்கினால் அதன் ஆயுள் இரு மடங்கு. வைத்திருக்கும் இடத்தின் சூடு 5 டிகிரி செல்சியஸ் இறங்கினாலும் இரு மடங்கு. அம்மா முதல் பாதியைச் சரியாகச் செய்திருக்கிறாள். நன்றாகக் காயவைத்து, ஈரத்தை வாங்கிக்கொள்ளச் சாம்பல், காற்றை நிறுத்தத் திருகுமூடி. வண்டும் அண்டவில்லை. இரண்டாவது பாதியில் கோட்டை விட்டாள். எங்கள் வீட்டிலேயே சூடான இடம் பரண்தான்.

ஜூலை 24, ஆடி அமாவாசை

மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் பஸ்களில் கால் வைக்க இடமில்லை. நான் வீட்டில் கணக்கெடுத்தேன்.

மல்லாட்டை: பத்தில் ஒன்றுகூட இல்லை. அதன் எண்ணெய் சிக்குப் பிடித்துவிட்டது, மோந்தாலே தெரிகிறது. பக்கத்துத் திண்டிவனத்து ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைத் தாங்கி டி.எம்.வி. என்று எத்தனையோ ரகம் வந்த மண் இது. இங்கே எந்தக் குடியானவரும் ஆறு வருட மல்லாட்டையைக் கையால் தொட மாட்டார். நான் தொட்டேன். மிளகாய்: பூஜ்யம். வெண்டை: ஒன்று, அதுவும் வேர் நுனி கறுத்து. சுரை: ஐந்தில் மூன்று.

அவரை: பன்னிரண்டில் நான்கு.

கடையில் விற்கும் சான்று பெற்ற பயறு விதைக்குக் குறைந்தபட்ச முளைப்பு 75 சதவீதம். என்னுடையது 33. எந்தப் பரிசோதனைக் கூடமும் தள்ளிவிடும். நான் நான்கையும் மணலும் மக்கிய எருவும் போட்ட கொட்டாங்குச்சியில் வைத்தேன், வேர் கீழ்நோக்கி.

ஆகஸ்ட் 3, ஆடி 18

அவரையில் ஒன்று மண்ணுக்கு மேலே வரவே இல்லை. மற்ற மூன்றும் முதல் இலை விட்டுவிட்டன. பழைய விதைக்கு வேகம் குறைவு என்று தெரியும். தெரிந்தும் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. இன்று வேலியோரம் குழி எடுத்து நட்டேன். அக்கா வந்து பார்த்துவிட்டு, "ஒங்கம்மா ஊட்டு அவர. செவப்பு வரி ஓடும் பாரு" என்றார். அந்தக் காயைக் கடைசியாக எப்போது தின்றேன் என்று நினைவில்லை.

ஆகஸ்ட் 10

மூன்றும் கொடி வீசத் தொடங்கிவிட்டன. இந்த அவரை பனிக்காலத்தில்தான் பூக்கும், தை வரை காத்திருக்க வேண்டும். முதல் காய்ப்பில் குழம்புக்கு ஒன்றுகூடக் கிடையாது என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அவ்வளவும் நெற்றாகும்வரை கொடியிலேயே இருக்கும். தூக்கைக் கழுவிக் காயவைத்து, பரணிலிருந்து அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டேன்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு தூக்கு இருந்தால் இப்போதே இறக்குங்கள். எல்லா விதையையும் ஒரே நாளில் சொம்பில் போட்டுவிடாதீர்கள்.