தைப்பிங் பயணம் தந்த பாடம்

பழைய கார்களை விரும்பி வைத்திருப்போரை உலகம் சற்று வேடிக்கையாகவே நோக்குகிறது. அறுபது ஆண்டுகளைக் கடந்த ஒரு வண்டியைத் துடைத்தும் திருத்தியும் பொழுது போக்குகிறவர்களை, 'வேறு வேலை இல்லாதவர்கள்' என்று சிலர் கூறுவதும் உண்டு. ஆயினும் அத்தகையோர் நம் நாட்டில் பலர் இருக்கின்றனர். மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்ற வேறுபாடின்றி அவ்வப்போது ஓரிடத்தில் கூடி, தத்தம் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, ஒருவர் வண்டியின் நலத்தை மற்றவர் விசாரித்துப் பிரிகின்றனர். சென்ற பள்ளி விடுமுறையில் தைப்பிங் ஏரிப்பூங்காவின் அருகே நடைபெற்ற அத்தகையதொரு சந்திப்பிற்கு நானும் சென்று வந்தேன். அப்பயணத்தில் நம் தோட்டத்துப் பிட்டர் தாத்தாவுக்குக் கிடைத்த சிறப்பைப் பெற்றோரும் மாணவரும் அறிய வேண்டும் என்பதற்காகவே அதனை இவ்வாண்டு மலரில் எழுதுகிறேன்.

என்னிடம் உள்ளது 1965-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட மோரிஸ் மைனர் 1000 என்னும் வண்டி. நம் தோட்டத்துப் பெரிய கிராணியார் அதனை வைத்திருந்த காலத்தை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். நள்ளிரவில் பிரசவ வேதனைப்பட்ட தாய்மார்களை அரசாங்க மருத்துவமனைக்குச் சுமந்து சென்றது அந்த வண்டிதான். இன்று பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்து வரும் சிலர், தாம் பிறப்பதற்கு முன்பே அதில் பயணம் செய்தவர்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு. கிராணியார் ஓய்வு பெற்றுத் தம் மகன் வீட்டிற்குச் சென்றபோது வண்டி என் கைக்கு வந்தது. அதனைப் பேணும் பொறுப்பை முன்போலவே பிட்டர் தாத்தா ஏற்றுக்கொண்டார்.

மாணவச் செல்வங்களே, இவ்வண்டியின் வரலாற்றையும் சிறிது அறிந்துகொள்ளுங்கள். அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளர் வடிவமைத்த மோரிஸ் மைனர், 1948-ஆம் ஆண்டு இலண்டன் மோட்டார் கண்காட்சியில் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வந்தது. பிரிட்டனில் செய்யப்பட்ட கார்களுள் 10 இலட்சம் என்னும் எண்ணிக்கையை முதலில் எட்டியது இதுவே. 1970-களின் தொடக்கத்தில் உற்பத்தி நிற்பதற்குள் 16 இலட்சத்திற்கும் மேற்பட்ட வண்டிகள் உருவாயின. என் வண்டியின் எஞ்சின் 1098 சிசி அளவும் 48 குதிரைத்திறனும் கொண்டது. இக்காலத்துச் சிறிய கார்களோடு ஒப்பிட்டால் வலிமை குறைவுதான். ஆனால் அதன் உறுப்புகள் யாவும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கின்றன. அறிந்தவர் கையில் ஒரு ஸ்பேனரும் ஒரு திருப்புளியும் இருந்தால் பெரும்பாலான பழுதுகளை வழியிலேயே நீக்கிவிடலாம்.

அறிந்தவர் யார் என்பதுதான் கேள்வி. பிட்டர் தாத்தாவுக்கு வயது எழுபத்தாறு. மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, தோட்டத்து ஆலையில் எடுபிடிச் சிறுவனாகச் சேர்ந்து, பின்னர் லாரிகளையும் ஆலை எஞ்சினையும் பழுதுபார்க்கும் பிட்டராக உயர்ந்தவர். ஆலை மூடப்பட்டு, பால்மரங்கள் நின்ற இடத்தில் செம்பனை வந்த பிறகு அவருடைய தொழிலுக்கு இங்கு இடமில்லாது போயிற்று. இப்போதைய வண்டிகளின் குறையைக் கணினியே சொல்லிவிடுகிறது. கண்ணில் புரை நீக்கிக்கொண்டவர். கைகளும் சற்று நடுங்குகின்றன. "இந்த வேலை என்னோடு போகட்டும் ஐயா. இனி யார் இதைக் கேட்டு வரப்போகிறார்கள்?" என்று அவர் பலமுறை கூறியதுண்டு. ஒரு மனிதர் அறுபது ஆண்டுகள் உழைத்துப் பெற்ற அறிவு, கேட்பாரின்றி அழிவதா என்ற எண்ணம் என் மனத்தை வருத்திற்று. ஆகவே அவரையும், நம் பள்ளியில் ஆறாம் ஆண்டு பயிலும் அவருடைய பேரனையும் உடன் அழைத்துச் சென்றேன்.

விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். 1994-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் சென்றால் விரைவாகச் சேரலாம். ஆயினும் விரைந்தோடும் பேருந்துகளுக்கும் லாரிகளுக்கும் இடையே முதிய வண்டியைச் செலுத்த எங்களுக்கு மனமில்லை. தாப்பா, கம்பார், கோப்பெங், ஈப்போ, சுங்கை சிப்புட், கோலகங்சார் என்று ஊர்களைத் தொட்டுச் செல்லும் பழைய பெருஞ்சாலையையே தேர்ந்தோம். தாப்பாவிலிருந்து தைப்பிங் ஏறத்தாழ 140 கிலோமீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது தாத்தாவின் கட்டளை.

கோப்பெங்கைக் கடந்ததும் சுண்ணாம்புக் குன்றுகள் காலைப் பனியில் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து நின்றன. ஈப்போ கல்லுமலை முருகனை வணங்கி, முன்சக்கரங்களின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து மேலும் சென்றோம். சுங்கை சிப்புட்டை அடைந்தபோது, அவ்வூரில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் அவர்களைத் தாத்தா நினைவுகூர்ந்தார். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் 1960-இல் உருவான தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், தம் தந்தையார் சிறுகச் சிறுகப் பணம் கட்டிப் பங்கு எடுத்த கதையைப் பேரனுக்குச் சொல்லி வந்தார்.

கதை முடிவதற்குள் ஒரு மேட்டில் வண்டி இருமிற்று, பின்னர் நின்றுவிட்டது. நான் இறங்கிப் பானட்டைத் திறக்க முனைந்தேன். தாத்தா தடுத்தார்.

"சாவியை மட்டும் திருப்புங்கள் ஐயா. யாரும் பேச வேண்டாம்" என்றார்.

மூவரும் மௌனமாக இருந்தோம். "பம்பு பேசவில்லை" என்றார் அவர்.

இவ்வண்டியில் பெட்ரோலை இழுத்துத் தருவது மின்சாரத்தால் இயங்கும் ஒரு சிறு பம்பு. சாவியைத் திருப்பியதும் அது 'டிக், டிக்' என்று ஒலிக்கும். கார்புரேட்டரின் கிண்ணம் நிறைந்ததும் அடங்கும். சேர்ந்தும் பிரிந்தும் மின்சாரத்தை விட்டு விட்டுச் செலுத்தும் இரண்டு சிறிய பாயிண்டுகள் அதனுள் உண்டு. தீப்பொறியால் அவை கருகிவிட்டால் பம்பு நின்றுவிடும். தாத்தா திருப்புளியின் கைப்பிடியால் பம்பின் தலையில் மெல்ல இருமுறை தட்டினார். 'டிக், டிக்' என்று அது மீண்டும் பேசத் தொடங்கிற்று. "கோலகங்சார் வரை தாங்கும். அங்கே நிழலில் நிறுத்திப் பாயிண்டைத் துடைத்துக்கொள்வோம்" என்றார்.

அவ்வாறே கோலகங்சாரில் நிறுத்தி, மெல்லிய உப்புத்தாளால் பாயிண்டுகளைத் துடைத்தோம். அங்கே மாவட்ட அலுவலகத்தின் அருகில் வேலியிட்டுக் காக்கப்படும் ஒரு முதிய இரப்பர் மரம் இருக்கிறது. பிரேசில் நாட்டிலிருந்து 1876-இல் கொண்டுசெல்லப்பட்ட விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அவற்றின் வழிவந்த கன்றுகள் 1877-இல் சிங்கப்பூரையும் கோலகங்சாரையும் அடைந்தன. பேராக்கின் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ அந்நாளில் இங்கு வளர்த்த மரங்களுள் எஞ்சி நிற்பது இது என்பர். நம் முன்னோர் கடல் கடந்து வந்து வெட்டிய பால்மரங்களுக்கெல்லாம் மூத்த மரம்! வேலிக்கு வெளியே நின்று தாத்தா கைகூப்பினார். "நமக்குச் சோறு போட்டவர் இவர்தானடா" என்று பேரனிடம் சொன்னார்.

பத்து மணியளவில் தைப்பிங்கை அடைந்தோம். ஈயச் சுரங்கமாக இருந்த நிலத்தை 1880-இல் பூங்காவாக மாற்றிய இடம் அந்த ஏரிப்பூங்கா. பெரிய மழைமரங்கள் தம் கிளைகளை நீரின்மேல் தாழ்த்தி நிற்கின்றன. அவற்றின் அருகே முப்பது வண்டிகளுக்குக் குறையாமல் நின்றிருந்தன. எஞ்சினை முதுகுப்புறத்தில் சுமக்கும் வோக்ஸ்வேகன், இசிகோனிஸ் பின்னர் 1959-இல் தந்த மினி, போர்ட் ஆங்கிலியா, டட்சன் ஆகியவற்றோடு, 1985-இல் வெளிவந்த நம் நாட்டின் முதல் புரோட்டோன் சாகாவும் ஒரு பழைய வண்டியாக அவ்வரிசையில் இடம்பெற்றிருந்தது.

மோரிஸ் மைனர் வைத்திருந்த ஒரு சீனப் பெரியவர், வண்டியின் பானட்டின் நடுவில் சற்று மேலெழுந்து ஓடும் பட்டையை எங்கள் மாணவனுக்குக் காட்டினார். மாதிரி வண்டியைச் செய்து முடித்த பிறகு, அகலம் போதவில்லை என்று இசிகோனிஸுக்குத் தோன்றியதாம். உடனே வண்டியை நெடுக்காக இரண்டாக அறுக்கச் செய்து, இரு பாதிகளையும் விலக்கி விலக்கிப் பார்த்து, 4 அங்குலம் கூட்டினார். அந்த 4 அங்குலத்தின் அடையாளமே அப்பட்டை. முடிந்த வேலையையும் மீண்டும் அறுத்துத் திருத்தத் துணிந்தவரின் கதையைக் கேட்டுச் சிறுவன் வியந்தான்.

அவ்வேளையில் கெடாவிலிருந்து வந்திருந்த ஒரு மலாய் இளைஞர் தம் மோரிஸ் மைனருடன் போராடிக்கொண்டிருந்தார். வண்டி கரும்புகை கக்கிற்று. வேகம் கொடுத்தால் தயங்கிற்று. இரண்டு மூன்று பட்டறைகளில் காட்டியும் குணமாகவில்லையாம். தாத்தா அருகில் சென்று சிறிது நேரம் காது கொடுத்துக் கேட்டார். பின்பு கார்புரேட்டரின் உச்சியில் இருந்த சிறு மூடியைக் கழற்றினார். உள்ளே எண்ணெய் வற்றிக் கிடந்தது. மெல்லிய எண்ணெயை அளவாக ஊற்றி மூடினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளிருக்கும் பிஸ்டனைத் திருப்புளி நுனியால் இம்மியளவு உயர்த்தினார். எஞ்சினின் வேகம் கூடிற்று, கூடியபடியே நின்றது. "பெட்ரோல் அதிகம்" என்றார். கார்புரேட்டரின் அடியில் உள்ள ஆறுபக்க நட்டை ஒரு பக்க அளவு மட்டும் மேல்நோக்கித் திருகி, மீண்டும் பிஸ்டனை உயர்த்திப் பார்த்தார். மறுபடியும் ஒரு பக்கம். மூன்றாவது முறை எஞ்சின் ஒரு கணம் மட்டும் விரைந்து, தானே பழைய நிலைக்குத் திரும்பிற்று. "இதுதான் சரி. பிஸ்டனைத் தூக்கியதும் எஞ்சின் அணையப் பார்த்தால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள்" என்றார். புகை நின்றது. அதுவரை நடுங்கிய கைகள் அந்த நட்டின்மீது நடுங்கவேயில்லை என்பதை நான் கண்டேன்.

செய்தி பரவிற்று. "பாக்சிக், என் வண்டியையும் பாருங்கள்" என்று ஒருவர்பின் ஒருவராக வந்தனர். தோட்டத்து மலாய்மொழியில் தாத்தா விளக்க, புரியாத இடங்களைப் பேரன் பள்ளியில் கற்ற மலாய்மொழியில் எடுத்துச் சொன்னான். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவரைச் சுற்றிப் பட்டதாரிகளும் அதிகாரிகளும் மாணவர்களைப்போல நின்றனர். முப்பது ஆண்டுகளாகக் கரும்பலகை முன் நிற்கும் நான், அன்று ஓர் உண்மையான வகுப்பைக் கண்டேன்.

கெடா இளைஞர் ஐம்பது ரிங்கிட்டை நீட்டினார். தாத்தா வாங்கவில்லை. எங்கள் பம்பின் கதையைக் கேட்ட சீனப் பெரியவரோ, தம் வண்டியில் இருந்த பழைய பிஸ்கட் டின்னைத் திறந்து ஒரு சோடி புதிய பாயிண்டுகளை எடுத்துக் கொடுத்தார். அவரும் பணம் வாங்கவில்லை. "எனக்குத் தேவைப்படும்போது வேறொருவர் தருவார்" என்றார். கடைகளில் எளிதில் கிடைக்காத உறுப்புகளும் பட்டறைகளில் மறைந்துவரும் தொழிலறிவும் இவ்வாறு கைமாறுவதால்தான் அப்பழைய வண்டிகள் இன்னும் சாலையில் ஓடுகின்றன.

பிற்பகலில், தைப்பிங்கிற்கே உரிய மழை வந்தது. வண்டிக்குள் அமர்ந்திருந்தபோது பேரன் தன் பையிலிருந்து பயிற்சிப் புத்தகத்தை எடுத்து, "தாத்தா, முதலில் எந்த மூடியைக் கழற்றினீர்கள்?" என்று கேட்டான். மழை விடும் வரை அவர் சொல்லச் சொல்ல அவன் தமிழில் எழுதினான். பிஸ்டனை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று அவன் கேட்டதற்கு, "தீக்குச்சியின் கனத்தில் பாதி" என்று விடை வந்தது. அதனையும் அவ்வாறே எழுதிக்கொண்டான். அதற்குப் பிறகு, 'என்னோடு போகட்டும்' என்ற சொல்லைத் தாத்தாவின் வாயிலிருந்து நான் கேட்கவில்லை. சனிக்கிழமைதோறும் என் வீட்டு முற்றத்தில் வண்டியின் அருகே இருவரும் அமர்கின்றனர். இப்போது மேலும் இரு மாணவர்கள் சேர்ந்திருக்கின்றனர். புத்தகத்தில் படங்களும் இடம்பெறத் தொடங்கிவிட்டன.

அன்பார்ந்த பெற்றோர்களே, பால்வெட்டும் கத்தியைத் தீட்டும் பக்குவம், நோய்க்கு மூலிகை பறிக்கும் அறிவு, கோயில் தேரைக் கட்டும் முறை என்று நம் தோட்டத்து முதியோர் கைகளில் இருப்பவை பல. அவற்றைக் கூறும் பாடநூல் எதுவும் நம் பள்ளி அலமாரியில் இல்லை. மாணவச் செல்வங்களே, உங்களுக்கு எழுதத் தெரியும். அவர்களுக்குத் தொழில் தெரியும். இந்த விடுமுறையில் ஒரு பயிற்சிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுப் பெரியவரின் அருகில் அமருங்கள். அவர் செய்வதைப் பாருங்கள், கேளுங்கள், அவர் சொன்னபடியே எழுதுங்கள். பள்ளி திறந்ததும் அப்புத்தகங்களைக் கொண்டு வாருங்கள். நம் நூலகத்தில் அவற்றுக்கென ஒரு தட்டை ஒழித்து வைத்திருக்கிறேன்.