ஒயிட் ஆர்ச்சர்டில் அவசரப்படாதீங்க

மக்களே, செம் லீவு வருது. "விட்சர் 3 எங்கிருந்து ஆரம்பிக்கறது?"ன்னு ஹாஸ்டல்ல இந்த மாசம் மட்டும் நாலு பேர் கேட்டுட்டாங்க. எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிடறேன்.

முதல் இரண்டு பாகமும் விளையாடியிருக்கணுமா? தேவையில்லை. நானும் விளையாடல. கெரால்ட் என்கிற பூத வேட்டைக்காரன் வளர்ப்பு மகள் சிரியைத் தேடிப் போகிறான், அவ்வளவு தெரிந்தால் போதும். லேப்டாப் சுமாரானதுன்னா லாஞ்சரில் டைரக்ட்எக்ஸ் 11ஐ எடுங்க. ஹேர்வொர்க்ஸை ஆஃப் பண்ணிடுங்க. கெரால்ட்டோட முடி காத்துல ஆடலைன்னா குடி ஒண்ணும் முழுகிடாது.

ஆரம்ப ஊர் ஒயிட் ஆர்ச்சர்ட். சின்ன மேப்தான், முழுசா சுத்துங்க. மனுஷங்களுக்கு இரும்பு வாள், பூதங்களுக்கு வெள்ளி வாள். சண்டைக்கு முன்னாடி குவென் போடுங்க, ஒரு அடியாவது அது தாங்கும். இன்னொண்ணு, சொல்லவே வெட்கமா இருக்கு: ஸ்கில் பாயிண்ட் செலவு பண்ணினா மட்டும் போதாது, அந்த ஸ்கில்லை ஸ்லாட்டில் வைக்கணும். நான் பத்தாவது லெவல் வரைக்கும் வைக்காமலே அடி வாங்கினேன். மருந்தை ஒரு தடவை காய்ச்சினால் போதும். அப்புறம் தியானத்தில் உட்கார்ந்தா தானா நிரம்பும், ஆனா பையில் சரக்கு இருக்கணும்.

சரக்குன்னதும் பேரன் ஞாபகம் வருது. அடுத்த ஊரான வெலனில் இருப்பவன். மனைவியும் மகளும் காணோம், கண்டுபிடிச்சுக் கொடுன்னு கெஞ்சுவான். பாவமா இருக்கும். போகப் போகத்தான் தெரியும், குடிச்சுட்டு அடிச்சதால அவங்களே ஓடிப் போயிருக்காங்க. முடிவைச் சொல்ல மாட்டேன். ராத்திரி ரெண்டு மணிக்கு அவன் தன் பக்க நியாயத்தைச் சொன்னப்போ நான் பாஸ் பண்ணிட்டு வராந்தாவில் போய் நின்னேன். அதே வார்த்தைகளை எங்க வீட்டுத் திண்ணையில் கேட்டிருக்கேன். அடுத்த நாள் அப்பா போன் பண்ணினார், எடுக்கல. அதுக்கு அடுத்த வாரமும் எடுக்கல.

சரி, எக்ஸ்பான்ஷன். ரெண்டு இருக்கு. 2015இல் வந்த ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோனுக்கு லெவல் 32 வேணும், 2016இல் வந்த பிளட் அண்ட் ஒயினுக்கு 34. மெனுவிலிருந்தே நேரா ஆரம்பிக்கலாம், லெவல் ஏத்தின கெரால்ட்டைக் கொடுத்துடுவாங்க. ஆனா அப்படிச் செய்யாதீங்க. மெயின் கதையை முடிச்சுட்டுப் போனாத்தான் டூசான் வெயில் கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கும். வெலன் சேத்துல அவ்வளவு நேரம் நடந்திருப்பீங்க இல்ல!

டூசானில் கெரால்ட்டுக்கு ஒரு திராட்சைத் தோட்டத்தோட வீடு கிடைக்கும். போன லீவில் அதை விளையாடிக்கிட்டிருந்தேன். அப்பா வந்து பின்னாடி நின்னார். எங்களுக்குக் கம்பம் பக்கம், அப்பாவுக்குத் தோட்ட வேலை. ரொம்ப நேரம் ஸ்கிரீனையே பார்த்தார். காலை நேரம்தான், வாசனை எதுவும் இல்லை.

"என்னடா இது, பந்தல் போடாம கொடி விட்டிருக்கான்?"ன்னார்.

"வெளிநாட்டுல அப்படித்தான்ப்பா"ன்னேன்.

"கிட்டப் போ, காய் பார்ப்போம்."

குதிரையை விட்டு இறங்கி, வரிசை வரிசையா நடந்து காட்டினேன்.