மெதுவாக ஓட்டத் தெரியுமா?

வண்டி ஓட்டத் தெரிந்தவரா என்பது வேகத்தில் தெரியாது. 40-இல் போகும் வண்டி தன்பாட்டுக்கு நிமிர்ந்து நிற்கும். சித்தூர் கடைத்தெருவில் ஆட்டோவுக்கும் தள்ளுவண்டிக்கும் நடுவே, ஆள் நடக்கிற வேகத்தில் காலை ஊன்றாமல் போகும்போதுதான் கைப்பழக்கம் தெரியும். லைசென்ஸுக்கு எட்டு போடச் சொல்வதும் அதற்குத்தான்.

முதல் வண்டியையும் இதை வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பேன். "மாமா, புல்லட் எடுக்கட்டுமா?" என்று அக்கா மகன் கேட்டபோது, "ஷோரூமில் ஸ்டாண்டை எடுத்துவிட்டு நாலடி தள்ளிப் பாருடா, அப்புறம் பேசலாம்" என்றேன். புல்லட் 350 ஏறக்குறைய 195 கிலோ. ஸ்ப்ளெண்டர் 112 கிலோ. ஓடும்போது இந்த வித்தியாசம் உறைக்காது. சரிவில் நின்று திரும்பும்போது முழு பாரமும் ஒரே காலில் இறங்கும். புதிதாகப் பழகுகிறவருக்கு, இன்னோர் ஆளை எந்நேரமும் பின்னால் ஏற்றிக்கொண்டு திரிவது போலத்தான் அது. இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும். சாய்ந்தால் தாங்க முடிய வேண்டும். மைலேஜ் கணக்கெல்லாம் அதற்குப் பிறகு.

பழக வெறும் மைதானம் போதும். முதல் கியரில், ஆக்சிலேட்டரைத் தொடாமல், கிளட்சை மயிரிழை மயிரிழையாக விட வேண்டும். ஓர் இடத்தில் இன்ஜின் சத்தம் லேசாக அமுங்கி வண்டி முன்னால் உந்தும். அந்த இடம் விரல்களுக்குப் பழகிவிட்டால் பாதி வித்தை கைவந்த மாதிரி.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் பிரேக்கைக் கேட்டு வாங்க வேண்டும். 2019 ஏப்ரலிலிருந்துதான் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு, சக்கரம் இறுகி வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ்ஸும், மற்றவற்றுக்குக் குறைந்தது இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் சிபிஎஸ்ஸும் கட்டாயமாயின. ஐஎஸ்ஐ முத்திரையுள்ள ஹெல்மெட்டின் விலையை வண்டி விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

சித்தூரிலிருந்து திருப்பதிக்கு எழுபது கிலோமீட்டர் சொச்சம். அகலச் சாலை, பஸ் கடக்கும்போது அடிக்கிற காற்றுக்குக் கையை இறுக்காமல் பழகிக்கொண்டால் போதும். உண்மையான பாடம் திருமலையில் இருக்கிறது. 1944-இல் திறந்த பழைய மலைப்பாதை இப்போது இறங்குவதற்கு மட்டும். சுமார் 19 கிலோமீட்டரை 40 நிமிடத்துக்குள் இறங்கிவிடக் கூடாது என்பது அங்கே விதி. மணிக்கு 30 கிலோமீட்டர்கூட வராது. பெட்ரோல் மிச்சமென்று இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டி இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். இன்ஜினின் பிடி போய்விட்டால் பாரமெல்லாம் பிரேக் மேல். வளைவுக்கு வளைவு அதையே மிதித்தால் சூடேறி, வேண்டிய நேரத்தில் பிடிக்காது. இரண்டாவது கியரில் விட்டால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கை எப்போதாவது தொட்டால் போதும்.

அப்படி நிதானமாக இறங்கப் பழகிய பிள்ளை, அடுத்து ஆசைப்பட்ட புல்லட்டையே எடுக்கட்டும். நானே கூடப் போய் வாங்கித் தருவேன்.